மிஸ்ஸி பிடித்த கோட்டை

ஊசி கொதிக்கும்போது மிஸ்ஸி யாரிடமும் பேசமாட்டார். ஸ்டவ்வின் மேல் அலுமினியச் சட்டி இருக்கும். தண்ணீருக்குள் கண்ணாடிக் குழல்கள் ஒன்றோடொன்று முட்டிச் சத்தம் போடும். மிஸ்ஸி கையைக் கட்டிக்கொண்டு அதையே பார்த்து நிற்பார். நர்ஸை எங்கள் பக்கத்தில் மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. அதை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது வந்து, “ஏன் வாத்தியாரே சொன்னீங்க?” என்று கேட்பார் என்ற பயம் இந்த வயதிலும் எனக்குப் போகவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில், மலேசியாவில் புக்கிட் பெலிம்பிங் தாண்டி உள்ளே இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் தமிழ்ப்பள்ளித் தற்காலிக ஆசிரியன். போய்ச் சேர்ந்த இரண்டாம் மாதம் காய்ச்சல் வந்து தோட்டத்து ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பால்வெட்டுக்காரர், அவருக்கும் காய்ச்சல். மிஸ்ஸி சட்டியிலிருந்து ஓர் ஊசியை இடுக்கியால் எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் போட்டார். அடியில் துழாவி இன்னொன்றை எடுத்தார்.

“என்ன மிஸ்ஸி, மாட்டுக்குப் போடறதாட்டம் இருக்கே?” என்றார் அந்த ஆள்.

“மருந்து கெட்டி. பல்லைக் கடிச்சுக்குங்க. உங்களுக்குத்தான் எல்லாப் பல்லும் இருக்கே.”

அவர் முகம் செத்துப்போனது. பக்கத்தில் இருந்த அம்மாள் பிறகு என் காதில் சொன்னார். மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த ஆள் குடித்துவிட்டுப் பெண்டாட்டியை அடித்து முன்பல்லைப் பெயர்த்திருக்கிறார். அன்றைக்கு மிஸ்ஸி அந்தப் பெண்ணுக்கு ரத்தத்தைத் துடைத்து, பஞ்சு வைத்து, ஒரு வார்த்தை பேசாமல் அனுப்பிவிட்டாராம். அந்த ஆளுக்குக் காய்ச்சல் வரும் வரை மூன்று மாதம் காத்திருந்திருக்கிறார்.

அதுதான் மிஸ்ஸி. கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. யாராவது சண்டைக்கு வந்தால், “சரி, சரி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார். “மேலே ஆறுன புண்ணை நம்பாதீங்க” என்று அடிக்கடி சொல்வார். அவர் புண்ணைப் பற்றித்தான் சொல்கிறார் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

மிஸ்ஸிக்கு அப்போது நாற்பதை ஒட்டிய வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அம்மா இல்லாமல் அவரே வளர்த்த ஒரு தங்கை மட்டும் உண்டு. நான் வருவதற்கு இரண்டு வருஷம் முன்னால் அந்தத் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகை கொடுத்து, பந்தக்கால் நடப் பத்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு மொட்டைக் கடுதாசி போயிற்று. பெண்ணுக்கு வலிப்பு நோய், அக்காள் ஆஸ்பத்திரி மருந்தைக் கொடுத்து மறைத்து வைத்திருக்கிறாள் என்று அதில் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு அப்படி எதுவுமே கிடையாது. ஆனால் மருந்து கொடுக்கிற கை அக்காளுடையது, யார் நம்புவார்கள்? மாப்பிள்ளை வீட்டார் லயத்து வீட்டு வாசலில் நின்று அந்தக் கடுதாசியை மிஸ்ஸியின் முகத்தில் எறிந்துவிட்டுப் போனார்கள். ஆறு மாதம் கழித்து அதே மாப்பிள்ளை, எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியின் மைத்துனியைக் கட்டிக்கொண்டார். தங்கை கிள்ளானுக்குப் போய் ஒரு தையற்கடையில் சேர்ந்துவிட்டாள்.

பெரிய கிராணி என்றால் தோட்டத்து ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. துரைக்கு அடுத்த ஆள். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைக் காலுறை. எல்லோருக்கும் அவர் மேல் சந்தேகம்தான். வாய்விட்டுக் கேட்க யாருக்கும் தைரியம் இல்லை. மிஸ்ஸி கேட்கவும் இல்லை, ஜாடையாகக்கூடச் சொல்லவில்லை. பெரிய கிராணி வீட்டுப் பிள்ளைகளுக்கு அம்மை போட்டபோது தினமும் வேப்பிலையோடு போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

இந்த நிலையில்தான் எங்களுக்குள் ஜப்பான் சண்டை ஆரம்பித்தது.

கோலா சிலாங்கூரில் ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் இருந்தார். ஜப்பான்காரன் காலத்தில் பள்ளியில் கொஞ்சம் ஜப்பானிய மொழி படித்தவர். வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்றில் தபால் வழியாக ஆடும் போர் விளையாட்டுகளைப் பற்றிப் படித்துவிட்டு, தானே ஒன்றை உண்டாக்கினார். முதுகு வளைந்த இறால் மாதிரி ஜப்பான் வரைபடம் போட்டு, பழைய காலத்துப் பிரபுக்கள் ஆண்டது போல அதை மாகாணங்களாகப் பிரித்தார். ஆட்டக்காரர்கள் ஐந்து பேர். ஆளுக்கொரு கோட்டை, கொஞ்சம் படை, கொஞ்சம் நெல். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, என் படை இந்தப் பக்கம் போகிறது, இன்னாரோடு நட்பு, இன்னாரோடு பகை என்று எழுதி அவருக்குத் தபாலில் அனுப்ப வேண்டும். அவர் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, யார் ஜெயித்தார், யார் தோற்றார் என்று தட்டச்சில் அடித்து எல்லோருக்கும் அனுப்புவார். கடைசியில் மிஞ்சுகிறவர்தான் ஷோகன், பிரபுக்களுக்கெல்லாம் தலைவர்.

தோட்டத்துக் கிழவர் ஒருவர் என்னிடம் கேட்டார். “ஜப்பான்காரன் சயாம் ரயில் போட இழுத்துக்கிட்டுப் போன எங்கண்ணன் இன்னும் திரும்பி வரல. நீங்க அவனுங்க கோட்டைய வச்சு வெளையாடறீங்களா வாத்தியாரே?”

முதலில் சேர்ந்தது நான், பெரிய கிராணி, கோலா சிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பாய், பாசிர் பெனம்பாங்கில் மீன் வியாபாரம் செய்த சீன முதலாளி, தவுக்கே, ஒருவர். ஐந்தாவது ஆள் கிடைக்கவில்லை. பாய் கடையில் நாங்கள் விதிகளைப் படித்துக்கொண்டிருந்தபோது மிஸ்ஸி கறிவேப்பிலை கேட்டு வந்தவர், பக்கத்து மேசையில் உட்கார்ந்துவிட்டார். சர்வேயர் கடைசி விதியைப் படித்தார். ஆட்டம் முழுவதிலும் ஒவ்வொருவரும் ஒரே ஒரு முறை, யாருக்கு வேண்டுமானாலும், கையெழுத்துப் போடாத கடிதம் ஒன்று அனுப்பலாம். அதில் என்ன பொய்யும் சொல்லலாம்.

“மொட்டைக் கடுதாசி மாதிரியா?” என்று மிஸ்ஸி கேட்டார்.

“அதேதான்,” என்று சர்வேயர் சிரித்தார். நான் பெரிய கிராணியைப் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

“அப்ப நானும் ஆடறேன்,” என்றார் மிஸ்ஸி.

ஆரம்பத்தில் அவரை யாரும் பொருட்படுத்தவில்லை. முதல் வருஷம் முழுக்க அவர் நெல் விளைவித்தார், பாலம் கட்டினார். யார் நிலம் கேட்டாலும் கொடுத்தார். பெரிய கிராணி புயல் மாதிரி ஆடினார். மீன் தவுக்கேயை ஒரே மழைக்காலத்தில் துடைத்து எறிந்தார். தவுக்கே ஒரு கூடை நண்டை எங்களுக்கு அனுப்பி வைத்து, “ஹபிஸ் லா!”, எல்லாம் முடிந்தது, என்று மலாயில் சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விட்டார். நான் பயந்துபோய்ப் பெரிய கிராணியோடு சேர்ந்துகொண்டேன். மிஸ்ஸி பாயோடு சேர்ந்தார். பாயிடம் துறைமுகமும் படகுகளும் இருந்தன, மிஸ்ஸியிடம் நெல் இருந்தது.

என்னுடைய மொட்டைக் கடுதாசியை நான் முதல் வருஷத்திலேயே தவுக்கேக்கு எழுதி வீணாக்கிவிட்டேன். பெரிய கிராணி அதுவரை எழுதவே இல்லை. எல்லாக் கடிதங்களையும் ஆபீஸ் டைப்ரைட்டரில் ஆங்கிலத்தில் அடித்துக் கையெழுத்துப் போட்டுத்தான் அனுப்புவார்.

“அவரு தமிழ் எழுதி நீங்க பாத்திருக்கீங்களா?” என்று ஒருநாள் மிஸ்ஸி என்னைக் கேட்டார்.

“இல்லையே, ஏன்?”

“சும்மா கேட்டேன்.” மாத்திரைகளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே சொன்னார்.

மூன்றாம் வருஷம், தலைவலி மருந்துக்குப் போனேன். ஆஸ்பத்திரியில் வேறு யாரும் இல்லை. மிஸ்ஸி கதவருகே போய் வெளியே பார்த்துவிட்டு வந்தார்.

“வாத்தியாரே, ஒண்ணு சொல்றேன். யாருகிட்டயும் சொல்லக்கூடாது.”

“சொல்லமாட்டேன் மிஸ்ஸி.”

“இந்த வசந்தத்துல பாயோட துறைமுகத்த நான் பிடிக்கப்போறேன். பாவம், அவரு என்னை நம்பிக்கிட்டு இருக்காரு. நீங்க மட்டும் அப்ப குறுக்க வராதீங்க.”

எனக்குக் காது சுட்டது. இவ்வளவு அமைதியான பெண்மணி இப்படி ஒரு துரோகத்தை இருமல் மருந்து மாதிரி நிதானமாக ஊற்றுகிறாரே என்று நினைத்தேன். நேராக ஆபீஸுக்குப் போய்ப் பெரிய கிராணியிடம் சொல்லிவிட்டேன். ஆட்டத்தில் அவர் என் கூட்டாளி, சொல்வது என் கடமை என்று மனசுக்குச் சமாதானமும் சொல்லிக்கொண்டேன். உண்மையில், அவர் முன்னால் பெரிய ஆளாக ஒருமுறை நிற்க எனக்கு ஆசை.

பெரிய கிராணி நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். “தம்பி, சண்டை போடாமலே ஜெயிக்கலாம் இப்ப. பாய்க்குத் தெரிஞ்சா போதும்.”

மறு தபாலில் அவர் தன் படை முழுவதையும் கோட்டையைவிட்டு வடக்கே கிளப்பினார். பாயும் மிஸ்ஸியும் அடித்துக்கொள்வார்கள், இருவரையும் அள்ளிவிடலாம் என்பது கணக்கு. இரண்டு வாரம் கழித்து முடிவுத் தாள் வந்தது. பாய் மிஸ்ஸியை அடிக்கவில்லை. பாயின் படகுகளில் மிஸ்ஸியின் படை ஏறி வந்து, முந்நூறு பேர் மட்டும் காவல் காத்த பெரிய கிராணியின் கோட்டையைப் பிடித்திருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாய் என்னைக் கடைக்கு வரச்சொன்னார். மூலை மேசையில் மிஸ்ஸி இருந்தார். தேத்தண்ணீர் வந்து, பாய் எதிரில் உட்கார்ந்த பிறகு, மிஸ்ஸி இரண்டு தாள்களை எடுத்து மேசையில் வைத்தார்.

“படிங்க வாத்தியாரே.”

ஒன்று பழுப்பேறிய தாள். மற்றொன்று புதிது, பாய்க்கு வந்தது. இரண்டும் தமிழில், இடது பக்கம் சாய்த்து, வேண்டுமென்றே கோணலாக எழுதியவை. புதியது இப்படி இருந்தது: ‘எச்சறிக்கை. உங்கள் துறைமுகத்தைப் பிடிக்கச் சதி நடக்கிறது. நம்பிய இடமே கழுத்தை அறுக்கும். உங்கள் நலம் நாடும் ஒருவன்.’ பழையது அவர் தங்கையின் வலிப்பைப் பற்றியது. அதுவும் ‘எச்சறிக்கை’ என்றே தொடங்கியது. இடையின ரகரம் வரவேண்டிய இடத்தில் இரண்டிலும் வல்லின றகரம். இரண்டிலும் அதே ‘நலம் நாடும் ஒருவன்’. இரண்டிலும் கடைசி வரிக்குக் கீழே, கூலிக் கணக்கு எழுதும் செக்ரோல் புத்தகத்தில் கிராணிகள் போடுவது போல, அடிக்கோல் வைத்து இழுத்த இரட்டைக் கோடு.

“எனக்கு இங்கிலீசு வராதுன்னு அவருக்குத் தெரியும்,” என்றார் பாய். “ஆபீசு மிசின்ல அடிச்சா ஊருக்கே தெரியும். அதான் கையால எழுதிட்டாரு. மிஸ்ஸிம்மா மூணு வருசத்துக்கு முந்தியே சொல்லி வச்சாங்க, பேரில்லாத கடுதாசி எப்ப வந்தாலும் கிழிச்சிடாதீங்க பாய்னு.”

நான் தாள்களைக் கீழே வைத்தேன். “மிஸ்ஸி, உங்க திட்டத்த நான்தான் அவருகிட்ட...”

“தெரியும். நீங்க சொல்லுவீங்கன்னு தெரிஞ்சுதானே உங்ககிட்ட சொன்னேன்.”

அதில் கோபமே இல்லை. எனக்கு அது கன்னத்தில் அறைந்ததைவிட வலித்தது. “அவருதான்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமே,” என்று முனகினேன்.

“சந்தேகம் இருந்திச்சு. சந்தேகத்துக்கெல்லாம் நான் ஊசி போடமாட்டேன்.”

அதற்குப் பிறகு அவர் ஆடிய ஆட்டத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. பெரிய கிராணியை ஒரேயடியாக முடித்திருக்கலாம். அவர் முடிக்கவில்லை. ஒவ்வொரு மாகாணமாக எடுத்துக்கொண்டு, நெல்லே விளையாத ஒரு மலைத்துண்டை மட்டும் விட்டுவைத்தார். பெரிய கிராணி சமாதானம் கேட்டுக் கடிதம் போட்டார். பதில் இல்லை. படையைப் பாதி தருகிறேன் என்றார். பதில் இல்லை. ஆறு மாதம் அந்த மலைமேல் அவர் பட்டினி கிடந்தார். நடுவில் என் கோட்டையும் போயிற்று. அதை மிஸ்ஸி ஒரே தபாலில் முடித்தார். எனக்கு அவ்வளவுதான் மரியாதை.

பெரிய கிராணியின் மூத்த மகளுக்குக் கல்யாணம் நிச்சயமான மாதத்தில் மிஸ்ஸி ஆட்டத்தை முடித்தார். பாய் தானே விலகிக்கொண்டதால் அவர்தான் ஷோகன். ஜெயித்தவர் கடைசித் தாளில் ஒரு பிரகடனம் எழுதலாம் என்பது வழக்கம். மிஸ்ஸியின் பிரகடனம் இரண்டே வரி: ‘எச்சறிக்கை. உங்கள் நலம் நாடும் ஒருத்தி.’ கீழே இரட்டைக் கோடு. சர்வேயர் எழுத்துப்பிழையைத் திருத்தவா என்று கேட்டனுப்பினாராம். அப்படியே இருக்கட்டும் என்று பதில் வந்ததாம்.

அந்தத் தாள் வந்த நாளில் நான் வருகைப் பதிவேடு கொடுக்க ஆபீஸுக்குப் போயிருந்தேன். பெரிய கிராணி உறையைக் கிழித்தார். படித்தார். பிறகு தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டார். அடியில் இருந்து ஏதோ எழுந்து வந்துவிடும் போல அழுத்திக்கொண்டிருந்தார்.

“நீ போ தம்பி,” என்றார்.

மறுநாள் காலையில் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அன்றைக்கு நானும் கையில் பட்ட வெட்டுக்காயத்துக்குக் கட்டு மாற்றப் போயிருந்தேன். தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் வரிசையில் இருந்தார்கள். பெரிய கிராணி வரிசையைத் தாண்டி நேரே உள்ளே போகப் பார்த்தார்.

“வரிசையில உக்காருங்க சார்,” என்றார் மிஸ்ஸி.

அவர் அந்தப் பெண்களுக்கு நடுவே, வெள்ளைக் கால்சட்டையோடு, முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். முறை வந்தது.

“என்ன நோவு சார்?”

அவர் குனிந்து ஏதோ சொன்னார்.

“கேக்கல. கொஞ்சம் சத்தமா சொல்லுங்க.”

“மிஸ்ஸி... பொண்ணு கல்யாணம். வர்ற மாசம்.”

“கேள்விப்பட்டேன். நல்ல எடமாம்லா. நானும் வர்றேன்.”

பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மிஸ்ஸி இரண்டு மாத்திரையை மடித்து அவர் உள்ளங்கையில் வைத்து, “அடுத்தவங்க வாங்க,” என்றார்.

அன்று மாலை, பொறுக்க முடியாமல் நான் மிஸ்ஸி வீட்டுக்குப் போனேன். “மிஸ்ஸி, அந்தப் பொண்ணு என்ன பாவம் செஞ்சிச்சு?”

“என் தங்கச்சி என்ன பாவம் செஞ்சா?” எனக்குக் காப்பி கொடுத்தார். அதைக் குடித்து முடிப்பதற்குள் என் சட்டை முதுகில் ஒட்டிவிட்டது.

கல்யாணம் கோலா சிலாங்கூர்க் கோயில் மண்டபத்தில் நடந்தது. மிஸ்ஸி அரக்குப் பட்டுச் சேலை கட்டி, மாப்பிள்ளை வீட்டார் அமரும் முதல் வரிசையில் போய் உட்கார்ந்தார். மடியில் ஒரு கறுப்புக் கைப்பை. இரண்டு கைகளையும் அதன் மேல் வைத்திருந்தார். பெரிய கிராணி தாரை வார்க்கும்போதும், தாலி எடுத்துக் கொடுக்கும்போதும் ஐயரையும் பார்க்கவில்லை, மகளையும் பார்க்கவில்லை. அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருமுறை மிஸ்ஸி மாப்பிள்ளையின் தாயார் பக்கம் சாய்ந்து ஏதோ சொன்னார். பெரிய கிராணியின் கையிலிருந்த சொம்பு கீழே விழுந்து உருண்டது. மின்விசிறியைக் கொஞ்சம் வேகமாக வைக்கச் சொல்லலாமா என்றுதான் மிஸ்ஸி கேட்டாராம். தாலி ஏறியது. மிஸ்ஸி எழுந்து போய்ப் பெண்ணின் தலையில் அட்சதை போட்டு, கன்னத்தைத் தடவிக் கொடுத்தார். பந்தியில் உட்கார்ந்து பாயசம் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது பக்கத்தில் உட்கார்ந்தேன். “கடுதாசி பையிலதான் இருக்கா மிஸ்ஸி?”

பையைத் திறந்து காட்டினார். ஒரு கைக்குட்டை, திருநீறு மடித்த காகிதம், தாம்பூலம்.

“போன வாரம் ரெண்டையும் கிள்ளானுக்கு எடுத்துக்கிட்டுப் போனேன். அவகிட்டதானே கேக்கணும். படிச்சா. தேத்தண்ணி போட்டுக்கிட்டு இருந்தா, அப்படியே அடுப்புல போட்டுட்டா. ‘எனக்கு நேரமில்லக்கா, சாயங்காலத்துக்குள்ள பதினாறு ரவிக்க தைக்கணும்’னுட்டா.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “அவளுக்கு ஆறிடுச்சு. எனக்குத்தான் ஆறல. அவரு பயந்துக்கிட்டே இருக்கட்டும். இத யாருகிட்டயும் சொல்லாதீங்க வாத்தியாரே.”

அடுத்த வருஷம் மிஸ்ஸி பேராக் பக்கம் ஏதோ தோட்டத்துக்கு மாறிப் போனார். போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. இருமல் மருந்து ஒரு போத்தல் மட்டும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்.

அந்தப் பத்தாண்டு முடியும் சமயம், கோலா சிலாங்கூர் பஸ் நிலையத்தில் பெரிய கிராணியைப் பார்த்தேன். ஓய்வுபெற்றுவிட்டார். உடம்பு பாதியாக வற்றியிருந்தது. வெள்ளைச் சட்டை மட்டும் பழைய அளவிலேயே இருந்தது. குசலம் விசாரித்துவிட்டு, என் முழங்கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப் போனார்.

“தம்பி, சின்னவளுக்கு எடம் வந்திருக்கு. நல்ல பையன். ஆனா பேச்ச எடுக்கவே பயமா இருக்கு. அந்தக் கடுதாசி... அது இன்னும் அந்தம்மாகிட்ட இருக்கா? உனக்குத் தெரியும்லா?”

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் என் முழங்கையை இன்னும் விடவில்லை. வாழ்க்கையில் எத்தனையோ ரகசியங்களை ஒரு மணி நேரம்கூட வைத்துக்கொள்ளத் தெரியாத ஆள் நான்.

“அவங்க எதையும் தூக்கிப் போடறவங்க இல்ல சார்,” என்றேன்.

அவருடைய பஸ் வந்து நின்றது. அவர் ஏறவில்லை.